விரிசலில் ஒரு ஆணி

படகை விட்டு இறங்கும் முன்பே கொத்தனாரின் மனைவி அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டாள். மற்ற வீடுகளில் பீடிக்கட்டுக்காகத் தடவுவார்கள். இவள் தேடியது சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டையும் அளவு நாடாவையும். இரண்டும் இல்லை. "இன்னைக்கு ஒரு நாள் மனுஷனா வாங்க, கொத்தனாரா வராதீங்க" என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள். அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டியிருந்தார். கால்சட்டைப் பையில் கிடந்த சின்ன டப்பா அவள் கையில் அகப்படவில்லை, பாவம்.

மகள் முன்னால் வேகமாக நடந்தாள். தையல்காரி அவள். பத்து வருஷமாக அடுத்தவர் கடை மூலையில், குழல்விளக்குக்குக் கீழே உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். இந்தச் சின்னத் துறைமுக ஊரில், தண்ணீரைப் பார்த்த ஒரு பழைய கல் கட்டிடத்தின் கீழ்த்தளம் வாடகைக்கு வந்திருந்தது. முன்பக்கம் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். ஒரு மாதமாக அவள் பேச்சில் அந்த ஜன்னலைத் தவிர வேறொன்றும் இல்லை. அன்று மாலை கடைசிப் படகுக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் மறுநாள் வேறொருவர் வந்து எடுத்துக்கொள்வார். "அப்பா ஒரு தடவை பார்த்துட்டு, ஒன்னும் ஆகாதுன்னு சொன்னா போதும். நீங்க வேண்டாம்னா நான் போட மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

ஒன்றும் ஆகாது. அந்த இரண்டு வார்த்தையைக் கொத்தனார் வாயில் எடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசியாக அதைச் சொன்னது தம்பியிடம். ஒரு மதில்சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாது, அடியில் நின்று வேலை செய் என்றார். மதியச் சாப்பாட்டுக்கு முன் சுவர் சரிந்தது. தம்பி பிழைத்துக்கொண்டான். இடது காலை மட்டும் அன்றிலிருந்து இழுத்து இழுத்து நடக்கிறான். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. திட்டியிருந்தால்கூட அண்ணனுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

வீட்டுக்காரம்மாவிடம் சாவி வாங்கிக் கட்டிடத்துக்குள் நுழைந்ததும் மகள் ஜன்னலைப் பார்த்தாள், அம்மா தரையைப் பார்த்தாள், கொத்தனார் சுவரைப் பார்த்தார். வலது மூலையில், மேலிருந்து கீழ்வரை, தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல். பெண்கள் இருவரும் பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்து டப்பாவைத் திறந்தார். அதில் பிளாஸ்டர் மாவும் விரல் நீளக் கண்ணாடித் துண்டும் இருந்தன. மாவைக் குடிதண்ணீரில் குழைத்து, விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடியை வைத்து, இரு முனையிலும் ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் அப்படியே இருக்கும். அவர் ஊர்ப் பக்கம் இப்படி ஒட்டிவிட்டு ஆறு மாதம் காத்திருப்பார்கள். இன்று ஆறு மணி நேரம்தான் இருந்தது. சும்மா இருப்பதற்கு அது தேவலை.

மணி ஒன்பது. கடல் ஏறி, படித்துறையின் மேல்படி வரை தளும்பிக்கொண்டிருந்தது.

பிறகு ஊரைச் சுற்றினார்கள். பழைய பீரங்கிகளைத் தலைகீழாக மண்ணில் நட்டு, படகு கட்டும் முளைகளாக்கியிருந்தார்கள். சுங்கக் கட்டிடத்தில் பழைய திசைகாட்டிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மனைவி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படம் எடுத்தாள். எல்லாப் படத்திலும் கொத்தனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கலங்கரை விளக்கத்தின் பாதிப் படியில் நின்று, கைக்குட்டையை அந்தக் கல் கட்டிடத்தில் மறந்துவிட்டேன், போய் எடுத்து வருகிறேன் என்றார். கைக்குட்டை அவர் கழுத்திலேயே கிடந்தது. "குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் அலையிறீங்க?" என்றாள் மனைவி. அவர் மிச்சப் படிகளை ஏறினார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது கடல் வெகு தூரம் இறங்கி, படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தன. கொத்தனார் நேராக மூலைக்குப் போனார். கண்ணாடி நடுவில் இரண்டாக உடைந்திருந்தது.

மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள், திரைச்சீலைக்கு.

"வேண்டாம்மா" என்றார்.

மகள் உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அளவு நாடாவை விரலில் சுற்றத் தொடங்கினாள். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். மனைவிக்குத்தான் கோபம் வந்தது. பையைத் தடவினேனே, எங்கே ஒளித்துவைத்தீர்கள் என்று ஆரம்பித்தவள், கணவர் உடைந்த கண்ணாடியையே விரலால் தடவிக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் ஒப்பந்தக் காகிதத்தோடு வீட்டுக்காரம்மா வந்தாள். முப்பது வருஷம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவள். அடுத்த கரைக்கே கேட்கிற குரல். சுவரில் கண்ணாடியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒட்டியாச்சா? காலையில உங்க நடையைப் பார்த்தப்பவே நினைச்சேன் மேஸ்திரி, இவர் ஒட்டாம போக மாட்டார்னு."

மூலையை ஒட்டி நின்ற மர அலமாரியை மகளையும் சேர்த்துக்கொண்டு தள்ளினாள். அதே விரிசலின் கிளை ஒன்று அலமாரிக்குப் பின்னாலும் ஓடியது. அதன் மேல் வரிசையாக வெள்ளைத் திட்டுகள், ஒவ்வொன்றிலும் உடைந்த கண்ணாடி, பக்கத்தில் தேதி. மேலே போகப் போகக் கையெழுத்து பழசாகி, உச்சியில் இருந்ததைப் படிக்கவே முடியவில்லை.

"வெளியூர்லேர்ந்து வர்ற கொத்தனாருங்க எல்லாரும் இங்க ஒன்னு ஒட்டுவாங்க. சாயங்காலம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போவாங்க. பாதி வீடு பாறை மேல நிக்குது, பாதி துறைமுகச் சுவர் மேல. தண்ணி ஏறினா சுவரைத் தள்ளி விரிசலை மூடும். இறங்கினா திறக்கும். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து தினம் ரெண்டு தடவை. இதை மூடறேன்னு ஒருத்தர் சிமெண்ட் அடைச்சார். அந்த வருஷம்தான் பக்கத்துல புதுசா ஒன்னு பிளந்துச்சு. சிமெண்டைத் தோண்டி எடுத்தப்புறம்தான் நின்னுச்சு."

கொத்தனார் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. சொல்கிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். அவரும் ஒரு நாள் சொன்னவர்தானே. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறரை. அதுவரை பொறுக்க முடியுமா என்றார். வீட்டுக்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இன்னொரு கண்ணாடி அவரிடம் இல்லை. ஜன்னல் சட்டத்திலிருந்து துருப்பிடித்த மெல்லிய ஆணி ஒன்றைப் பிடுங்கி விரிசலுக்குள் செருகினார். தொட்டால் ஆடியது. விட்டால் விழுந்துவிடும்போல் இருந்தது.

அந்த மூன்று மணி நேரத்தை அவர் எப்படிக் கழித்தார் என்று கேட்காதீர்கள். உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்தார், வந்து ஆணியைத் தொட்டார். சேற்றில் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மனைவி மடியில் காகிதம் விரித்துப் பன்னைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தாள். அவர் தன் பங்கைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஆறு மணிக்கு ஆணியைத் தொட்டார். ஆடவில்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். சுவர் விடவில்லை.

மகள் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு வேண்டியது அந்த இரண்டு வார்த்தை. கொத்தனார் வாயைத் திறந்தார். தம்பியின் கால்தான் கண் முன்னால் வந்தது.

"அலமாரி மாட்டினா விரிசலுக்கு ஒரே பக்கமா ஆணி அடி" என்றார். "அந்தப் பக்கம் ஒன்னு, இந்தப் பக்கம் ஒன்னுன்னு அடிக்காதே. கதவை இறுக்கமா மாட்டாதே, மேல கால் அங்குலம் விடச் சொல்லு. யாராவது பூசித் தர்றேன்னு வந்தா, சிமெண்டோட உள்ளயே விடாதே."

"துணியில விடற மாதிரியாப்பா? ஆள் குனிஞ்சா நிமிர்ந்தா கிழியாம இருக்க உள்ள கொஞ்சம் விட்டுத்தான் தைப்போம்."

"அந்த மாதிரிதான்னு வெச்சுக்கோ."

மகள் பேனாவை வாங்கினாள். காகிதத்தை ஜன்னல் விளிம்பிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்காரம்மா பென்சிலை எடுத்து, கொத்தனாரின் உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினாள்.

படகு நகர்ந்தபோது கரையைத் திரும்பிப் பார்க்காதவர் கொத்தனார் ஒருவர்தான். அவர் மனதெல்லாம் ஆணியில் இருந்தது. மனைவி தன் பன்னில் மிச்சத்தை அவர் கையில் வைத்து, "சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டார்.

மகள் அங்கே மெஷின் போட்டு மூன்று மாதம் ஆகிறது. இன்றும் கடல் இறங்குகிற நேரத்தைக் கணக்குப் பார்த்து, கொத்தனார் வேலையிடத்திலிருந்து போன் போடுகிறார்.

"ஆணி ஆடுதாம்மா?"

"ஆடுதுப்பா."

"சரி, தண்ணி ஏறினதும் பேசறேன்."

தண்ணீர் ஏறி, ஆணி இறுகிவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்குச் சோறு இறங்குகிறது.