பிலோமினா வேலை பார்க்கவே இல்லை

அம்பத்தூரில் அந்த வால்வு கம்பெனியில் எந்தத் தொழிலாளிக்கும் இருநூற்று நாற்பதாவது நாள் கிடையாது. அந்த நாளைத் தொட்டுவிட்டால் சட்டம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சும்மா வெளியே தள்ள முடியாது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே ஆளை ஒரு நாளைக்கு இல்லாமல் ஆக்கிவிடுவார்கள்.

பிலோமினா பத்தொன்பது வருஷமாக இப்படி இல்லாமல் போய்த் திரும்பி வருகிறவள். இல்லாத நாளில் அவள் புருஷன், அவள் நிற்பதே தெரியாமல், அவள்மேலேயே ஈரத்துணியைக் காயப்போடுவான். மறுநாள் புது ஆளாகச் சேருவாள். அவளிடமே தொழில் கற்ற சூப்பர்வைசர், "இதாம்மா லேத்து" என்று காட்டிக்கொடுப்பான். வெட்கங்கெட்ட கம்பெனி.

இந்தத் தடவை திரும்பி வந்தபோது கேட்டில் அவளுக்குக் கார்டு இல்லை. ஆள்குறைப்பு என்றார்கள். எச்.ஆர். அறைக்குப் போனாள். நடக்க நடக்க வராந்தா நீண்டுகொண்டே போனது. அதிகாரி வரதராஜுலு இரும்பு பீரோவுக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வேலைய விட்டு எடுத்துட்டோம்னு ஒரு லெட்டர் குடுங்க சார். லேபர் கோர்ட்ல காட்டணும்."

"நீங்க சேரவே இல்லையேம்மா. சேராதவங்கள எப்படி எடுக்கறது?"

"அப்ப இத்தன வருஷமா அங்க நின்னது யாரு?"

"யாருமில்ல."

ஃபைலைத் திறந்து காட்டினார். உள்ளே இருபத்தெட்டு பிலோமினாக்கள். ஒருத்திக்கும் எட்டு மாதம் நிரம்பவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை இவ்வளவு சுத்தமாக அடுக்கிவைத்து அவள் பார்த்ததில்லை.

"சரி சார். வேலை பாக்கலைன்னே எழுதிக் குடுங்க."

வரதராஜுலுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் மெத்தப் படித்தவர், எதையும் மொட்டையாக எழுதமாட்டார்.

"எந்த பிலோமினா பாக்கலைன்னு தெளிவா போடணும்மா. நாளைக்கு வேற பிலோமினா வந்து நின்னா?"

"அந்தோணி சம்சாரம். நாலாம் நம்பர் லேத்து."

"எப்பலேர்ந்து பாக்கல?"

"ரெண்டாயிரத்தாறு ஜூன் அஞ்சுலேர்ந்து. காலை ஷிப்ட்டு. ஞாயித்துக்கிழமை ஓவர்டைமும் பாக்கல."

"அங்க அடையாளம்?"

"வலது கை சுண்டுவிரல் இல்ல. லேத்துல போச்சு."

"அது எப்ப போகல?"

"ரெண்டாயிரத்துப் பதினாலு டிசம்பர்ல, சார்."

அத்தனையும் ஒன்று விடாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, மூன்று இடத்தில் சீல் குத்தினார். "இனிமே நீங்க யாரோ, நாங்க யாரோ" என்று பீரோவைச் சாத்திக்கொண்டார்.

பிலோமினா வெளியே வந்து தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் பெயரும், லேத்து நம்பரும், போன விரலும் கம்பெனி சீலோடு ஒரே தாளில் வந்தது அன்றைக்குத்தான். நாலாக மடித்து எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு பஸ் ஏறினாள்.