ஆறு கம்பிக்கும் ஒரே டென்ஷன்

2004 பொங்கல் கழிந்த வாரம் ஜெயபாண்டி வாங்கி வந்த எலக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் நல்லூரில் ஒரே ஒருவருக்குத்தான் கேட்டது. அவன் மனைவி விஜயராணிக்கு. அவளுக்கு இரண்டு காதும் கேட்காமல் போய் அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஜெயபாண்டி விருதுநகர் பக்கத்துக்காரன். பனியன் துணி நெய்யும் நிட்டிங் மிஷின்களுக்கு ஃபிட்டர். தீபாவளி போனஸைத் தொடாமல் வைத்திருந்து, கோயமுத்தூர்க் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த கிட்டாரையும் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியையும் வாங்கினான். சிவப்பு பெயின்ட் மட்டும் பிரமாதம். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. புதுக் கம்பிகளை அவனே மாட்டினான், அங்கேதான் தப்பு நடந்தது. நிட்டிங் மிஷினில் எல்லா நூலும் ஒரே டென்ஷனில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் துணியில் கோடு விழும். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் விரலால் அழுத்திப் பார்த்து ஆறு கம்பிகளையும் ஒரே டென்ஷனில் முறுக்கிவிட்டான். பெட்டியில் விளக்கு எரிந்தது. கம்பியை மீட்டினான். ஒரு சத்தமும் வரவில்லை. முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த விஜயராணி, “ஏங்க, பைய வாசிங்க. தலைக்குள்ள கணகணன்னு இருக்கு” என்றாள்.

அவள் காது பல்லடம் ரோட்டில் எட்டு வருடம் விசைத்தறி ஓட்டியதில் போனது. பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாள். அந்த வேலைக்குக் கண் போதும். மாடியில் குடியிருந்த வீட்டுக்கார ஆயம்மாள் இறங்கி வந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே கேக்கலீங்களே” என்றாள். மறுநாள் வீதி முழுக்க இதே பேச்சு. அடுத்த வாரம் நூல் விலை ஏறியதால் பேச்சு அதற்குப் போய்விட்டது.

ஜெயபாண்டி அதை மனைவி கேட்பதற்காக வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேடையேற வேண்டும் என்பது அவனுடைய இளவயது ஆசை. கல்யாணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் ஆர்க்கெஸ்ட்ரா நடத்தும் ரத்தினசாமி வந்து பார்த்தார். “ஏனுங்க, இது கிட்டாருங்களா, கேரம் போர்டுங்களா? மாரியம்மன் நோம்பிக்குள்ள சத்தம் வரோணும். வந்துதுன்னா மேடையில கடைசிச் சேர் உங்களுதுங்க” என்றார்.

நோம்பித் திருவிழாவுக்கு மூன்று மாதம் இருந்தது. கிட்டாரின் கழுத்தில் கையைக் கிழித்த உலோகப் பட்டைகளை மிஷின் அரத்தால் ராவி வழவழப்பாக்கினான். லொடலொடத்த திருகுகளை மாற்றினான். உள்ளே இருந்த வயர்களைப் பிரித்துப் புதிதாகப் பற்றவைத்தான். சோதித்துச் சொல்ல விஜயராணியை விட்டால் ஆளில்லை. பனியனில் ஓட்டை தேடுகிற அதே முகத்தோடு உட்கார்ந்து கேட்பாள். “மூணாவது கம்பி பிசிறடிக்கி”, “இந்த எடத்துல அழுத்துனா கரகரங்கி” என்பாள். அவன் சரிசெய்வான்; அவள் தலையசைத்துப் பாஸ் பண்ணுவாள். ஆறு வருடமாக அரிசி, கேஸ், வாடகை என்று சைகையில் ஓடிய வீட்டில் இப்போது அவள் பேசித் தீர்த்தாள். ஓவர்டைம் வேண்டாமென்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது?

நோம்பிக்கு முந்தின வாரம் ரத்தினசாமி மறுபடி வந்தார். கம்பிகளைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். “ஆறையும் ஒரே டென்ஷன்ல வெச்சா எப்படீங்க? ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுருதி இருக்குதுங்க” என்று சுருதி பார்க்கும் குழல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயபாண்டி முதல் கம்பியைச் சுருதிக்குத் திருப்பினான். சத்தம் வந்தது. ஆயம்மாள் ஜன்னலைத் திறந்தாள். மூன்றாவது கம்பிக்கு எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். ஐந்தாவதற்கு டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறாவது திருகில் கையை வைத்துக்கொண்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

“அஞ்சும் போயிருச்சு. அந்த ஒண்ணுதான் கேக்கு” என்றாள் விஜயராணி. “பரவால்ல, திருகுங்க. உங்க ஆசைதான.”

வேண்டாமென்று சொல்லியிருந்தால் ஒருவேளை திருகியிருப்பான். பரவாயில்லை என்று சொன்னதில் அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆறாவது திருகை விட்டுவிட்டு, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து மற்ற ஐந்தையும் பழைய டென்ஷனுக்கே கொண்டுவந்தான். ஐந்தும் முடிந்தபோது டீக்கடையிலிருந்து வந்தவர்கள் போய்விட்டார்கள். ஆயம்மாள் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

சத்தம் வராது என்று ரத்தினசாமியிடம் நேரில் போய்ச் சொன்னான். அவர், “பரவால்லீங்க, வந்து உக்காருங்க. மேடை நெறைஞ்சாப்ல இருக்கும்” என்றார்.

அந்த வருட நோம்பியில் அவன் வாசித்தபோது முன்வரிசையில் விஜயராணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் அவளோடு தறி ஓட்டிக் காது போன ஒன்பது பேர் அருள்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். 2008-க்குள் முதல் நான்கு வரிசை காது போனவர்களுக்கென்றே ஆனது; இப்போது விழா நோட்டீஸிலும் அப்படியே அச்சாகிறது. மற்றவர்கள் வாசித்து ஓய்ந்ததும் ஜெயபாண்டி தனியாக வாசிப்பான். காது கேட்கிறவர்கள் அந்த நேரத்தில் பொரி வாங்கப் போவார்கள். தான் வாசிப்பது எப்படியிருக்கும் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. எங்காவது பிசகினால் முன்வரிசையில் விஜயராணி கையைத் தூக்குவாள். அவள் கையை இறக்கும்வரை அவன் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசிப்பான்.