அவர் போட்ட அவள் கையெழுத்து

கவுண்டரில் இருந்த எழுத்தர் பணம் எடுக்கும் சீட்டைத் திருப்பி நீட்டினார்.

"கையெழுத்து ஒத்து வரலைம்மா. இது உங்க கையெழுத்துதானா?"

"உங்க கண்ணு முன்னாடிதானே போட்டேன்."

"அது சரி. எங்ககிட்ட இருக்கறது வேற மாதிரி இருக்கே." கணினித் திரையைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பினார்.

பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. முன்னால் சாய்ந்து ஓடும் எழுத்துகள், கடைசியில் வெடுக்கென்று ஒரு வால். பெயர் அவளுடையதுதான். கை அவள் கணவருடையது. சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவர் தவறிப்போன பிறகு அவள் வங்கிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு அவர் வைத்த பெயர் நிதானம். அவருக்கு அவள் வைத்தது அவசரக் குடுக்கை. நிதானம் கையெழுத்துப் போடுவது என்றால் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக, கரும்பலகையில் எழுதுவதுபோல் எழுதி, கடைசியில் ஒரு புள்ளியும் வைப்பாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற மனிதருக்கு அது பொறுக்குமா? "நீ எழுதி முடிக்கறதுக்குள்ள ஆபீசை மூடிடுவான்" என்று ஒருநாள் பேனாவைப் பிடுங்கி அவரே போட்டுவிட்டார். வேலை நடந்தது. அதற்கப்புறம் வங்கிக் கூட்டுக் கணக்கு, காப்பீடு, வீட்டு வரி என்று அவள் பெயரில் இருந்த காகிதம் எதிலும் அவள் கை படவில்லை. அவளும் தொல்லை விட்டது என்று இருந்துவிட்டாள்.

இப்போது தொல்லை வட்டியோடு வந்து நின்றது.

சாயங்காலம் மகன் வந்தான். வங்கியில் நடந்ததைக் கேட்டான். சீட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அப்பா தவறிய வாரத்தில் அவள் அடுப்பை அணைக்க மறந்ததை அவன் மறக்கவில்லை.

"கையெழுத்து மறந்துபோச்சாம்மா?"

அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. இப்படித் தணிந்த குரலில் கேட்டதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"எனக்கு ஒரு பவர் எழுதிக் குடுத்துடும்மா. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன். உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்? ஒரு நல்ல டாக்டர்கிட்டயும் காட்டிடலாம்."

பிள்ளை தங்கமானவன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்குப் பவர் போனால் நாளைக்கு வீட்டுச் சாவி போகும். அப்புறம் அவன் வீட்டில் ஓர் அறை, அதில் அவன் பார்த்து வாங்கிப் போட்ட கட்டில், வேளாவேளைக்கு மாத்திரை. நல்ல புத்தியோடு இருக்கும்போதே அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் புத்தி சரியாக இருக்கிறது என்று ஆகும். கூடவே அவர் கள்ளக் கையெழுத்துக்காரர் என்றும் ஆகும். லாரி கம்பெனியில் கணக்கராக இருந்து, கை சுத்தம் என்று பேர் எடுத்தவர். செத்தும் சாகாததுமாக அந்தப் பேரைத் தன் வாயாலேயே கெடுக்க அவளால் முடியவில்லை.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் நாத்தனார், அடுத்த தெருவில் இருப்பவள். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்கண்ணன் பள்ளிக்கூடத்துலயே எங்கப்பா கையெழுத்தைப் போட்ட ஆளு. என் மார்க் அட்டை ஒண்ணைக்கூட எங்கப்பா கண்ணால பார்த்ததில்லை. விடுங்க அண்ணி. அவன் உங்க கையெழுத்தைப் போட்டான். இப்ப அவன் போட்டதை நீங்க போடுங்க. சரிக்குச் சரி."

அப்படித்தான் சாப்பாட்டு மேஜையில் பயிற்சி ஆரம்பமானது. பழைய காப்பீட்டுப் பத்திரத்தை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு, தன் சொந்தக் கையெழுத்தைத் தானே கள்ளத்தனமாகப் போடப் பழகினாள் நிதானம். நாத்தனார் எதிரே உட்கார்ந்து குற்றம் கண்டுபிடித்தாள்.

"வால் படுத்துக்கிச்சு அண்ணி."

"இப்ப?"

"கொஞ்சம் எழுந்திருச்சிருக்கு. ஆனா வேகம் பத்தாது. வெளியே டாக்சி நிக்குது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான்னு நினைச்சுக்கோங்க."

நிதானம் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நின்றபடியே குனிந்து கிறுக்கினாள். அச்சு அசலாக வந்துவிட்டது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவர் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. பேனாவை அவர் சாய்க்கிற மாதிரி சாய்த்தால்தான் அந்த எழுத்து வந்தது. சாய்த்த பேனாவை உடனே நிமிர்த்த அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் வங்கி மேலாளரின் அறையில் மகனும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். மகன் மடியில் ஒரு பை, அதற்குள் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த பவர் பத்திரம். மேலாளர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த ஓர் அம்மாள். இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, போட்டோ எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை முன்னால் நகர்த்தினார்.

"இதுல மூணு தடவை கையெழுத்துப் போடுங்கம்மா."

முதல் எழுத்து நன்றாகவே சாய்ந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் கை நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, குளிர்ந்த அறையில், அவசரத்துக்கு எங்கே போவாள்?

"முடியலைன்னா விட்டுடும்மா. பரவாயில்லை" என்றான் மகன். அவன் குரல் உடைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறான். அப்பாவை அடுத்து அம்மாவும் கைவிட்டுப் போகிறாள் என்றே முடிவு கட்டிவிட்டான் பாவி.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் மறக்கலைடா. இவங்ககிட்ட இருக்கறது என் கையெழுத்தே இல்லை. எல்லாத்தையும் உங்கப்பாதான் போட்டாரு."

அவள் மேலாளர் பக்கம் திரும்பினாள். "அவரைத் தப்பா நினைக்காதீங்க. அவசரம், அவ்வளவுதான். தப்புன்னா அதுல பாதி என்னோடது."

மேலாளர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். "பழைய கையெழுத்து எனக்கு எதுக்கும்மா? இது புதுசாப் பதியறதுக்கு. கூட்டுக் கணக்குல ஒருத்தர் தவறிட்டா மத்தவர் புதுசாப் போட்டுக் குடுப்பாங்க. இனிமே எப்படிப் போடுவீங்களோ அப்படிப் போடுங்க. பணம் இன்னைக்கே எடுக்கலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அன்னைக்குக் கவுண்டர்ல இருந்தவர் ஒண்ணும் சொல்லலையே."

"உங்க வீட்டுக்காரர் தவறினது அவருக்குத் தெரியாதும்மா. நீங்க சொல்லியிருந்தா அப்பவே இங்க அனுப்பியிருப்பாரு."

ஆமாம், அவள் சொல்லவில்லை. அந்த வார்த்தை அன்றைக்கு வாயில் வரவில்லை.

"மத்தபடி நீங்க பேசினது எதுவும் என் காதுல விழலை" என்று சொல்லிவிட்டு மேலாளர் வேறொரு புதுப் படிவத்தை எடுத்து வைத்தார்.

நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிக் கீழே வைத்தாற்போல இருந்தது அவளுக்கு. மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைக்கத் துடைக்கச் சிரிப்பு வந்தது அவனுக்கு.

"அப்ப என் ஸ்கூல் லீவ் லெட்டர்ல எல்லாம் இருந்த உன் கையெழுத்து?"

"அதுவும் அவருதான்."

"நான் பயந்தே போயிட்டேன்மா. நாளைக்கு டாக்டர்கிட்ட டோக்கன் வேற போட்டுட்டேன்."

"போ. போய் உன் ரத்தக் கொதிப்பைக் காட்டிட்டு வா."

மகன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். அவள் பேனாவை எடுத்தாள், உடனே வைத்தாள். "அந்தப் பழைய கையெழுத்தை என்ன பண்ணுவீங்க?"

"ரத்து பண்ணிடுவோம். ஆனா தூக்கிப் போட மாட்டோம். பழைய ஃபைல்லயே இருக்கும்."

"அப்படியேவா?"

"அப்படியே."

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அவர் கை எழுதிய அவள் பெயர் இந்தக் கட்டடத்தில் எங்கோ ஒரு மூலையில் முன்னால் சாய்ந்தபடி, எதற்கோ அவசரப்பட்டுக்கொண்டு இருக்கட்டும்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ஒவ்வோர் எழுத்தாக, நிமிர்ந்து நிற்கும் எழுத்தாக. மகன் கடிகாரத்தைப் பார்த்தான். கால் ஆட ஆரம்பித்தது. அப்படியே அப்பனை உரித்து வைத்திருக்கிறான்.

"அம்மா, சீக்கிரம். கவுண்டரை மூடிடுவாங்க."

"மூடட்டும்" என்று சொல்லி, கடைசியில் புள்ளியை வைத்தாள் நிதானம். "இன்னும் ரெண்டு தடவை இருக்கு."