சணல் கயிற்றில் இரண்டு முடிச்சு

புருஷன் சட்டைப் பையில் பீடி இருந்தால் திட்டலாம், சில்லறை இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். முடிச்சுப் போட்ட சணல் கயிறு இருந்தால் என்ன செய்வது? துவைக்க எடுத்த காக்கிச் சட்டையோடு ஹில்டா குழாயடியிலேயே நின்றுவிட்டாள். கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கு மேல் மீதிக் கயிறு சும்மா தொங்கியது.

வேறு யாராவது என்றால் மூட்டை கட்டிய கயிறு என்று வீசியிருப்பார்கள். ஹில்டா தையல்காரி. சிம்பாங் பூலாய் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் ரவிக்கையும் கவுனும் அவளுடைய கைமிஷினில்தான் தைத்தாக வேண்டும். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் டேப்பைக் கண்டால் கூசுவார்கள். உடம்பைத் தாங்களே கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். ஆகவே இரண்டு முடிச்சுள்ள கயிறு என்றால் அவளுக்கு அது ஒரு பெண்ணின் அளவுதான்.

டேப்பை வைத்துப் பார்த்தாள். இருபத்தாறு அங்குலம். தன் இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். சேரவில்லை. நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அந்தக் கயிறு அவளைப் பார்த்து இளித்தது. அந்தத் தோட்டத்தில் இருபத்தாறு இடுப்பு ஒருத்திக்குத்தான் உண்டு. ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி கஸ்பாரின் தங்கை எல்ஸி. அவளுக்குக் கவுன் தைப்பதே ஹில்டாதான்.

உண்மையில் அது டயர் அளவு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் பெரிய காரை விற்றுவிட்டு ஒரு குட்டி மோட்டார் வாங்கியிருந்தார். அதை ஓட்டுகிறவன் ஹில்டாவின் புருஷன் ஸ்டானிஸ்லாஸ். ஒரு டயர் கிழிந்துபோனது, அதிலிருந்த எழுத்தோ தேய்ந்துபோயிருந்தது. டயரை வெளிவட்டத்தின் உயரத்தைச் சொல்லித்தான் அன்றைக்குக் கடையில் கேட்பார்கள். அவன் நல்ல சக்கரம் ஒன்றின் குறுக்கே, ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டிருந்தான். இதைப் பெண்டாட்டியிடம் சொல்லலாம் என்று அந்த மகாராஜனுக்குத் தோன்றவில்லை. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடும்.

"பையில ஒரு கயிறு இருந்துச்சே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"என்னத்துக்காம் அது?"

"சன்னாசி அண்ணே லாரி ஈப்போவுக்குப் போகுதுலா. குடுத்துவிடணும்."

ஈப்போ என்றதும் அவளுக்கு வெள்ளிக்கடை ஞாபகம் வந்தது. மலாய்க்காரிகள் கட்டும் வெள்ளி இடுப்புப் பட்டை ஒன்றை அந்தக் கடையில் பார்த்து அவள் ஆசைப்பட்டபோது, இந்த மனிதன் காதில் விழாத மாதிரி நடந்தவன். இப்போது எவளோ ஒருத்திக்கு அளவெடுத்து அனுப்புகிறானாம்!  அழ வேண்டும் போலவும், அவன் தலையில் சட்டியைப் போட்டு உடைக்க வேண்டும் போலவும் இருந்தது. "உள்ள இருக்கு, எடுத்தாரேன்" என்று போனவள், இரண்டாவது முடிச்சை அவிழ்த்தாள். தன் இடுப்பில் கயிற்றை இறுக்கிப் பிடித்து, முப்பத்திரண்டு அங்குலத்தில் புதிதாக ஒன்று போட்டாள். வருவது எதுவானாலும் அது தனக்குத்தான் பொருந்த வேண்டும், அந்தக் கொடியிடையாள் தொப்பென்று நழுவவிட்டு நிற்க வேண்டும். அவன் பார்க்காமலே கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான்.

துரையின் பழைய காருக்கு முப்பத்திரண்டு அங்குல டயர்தான். அதனால் கடையின் சீன முதலாளி தவுக்கே ஒன்றும் யோசிக்காமல் அதே அளவில் ஒன்றை லாரியில் ஏற்றிவிட்டார். சனிக்கிழமை வந்து சேர்ந்தது. குழந்தை கையில் அம்மாவின் வளையல் மாதிரி அது குட்டி மோட்டாரின் சக்கரத்தில் கிடந்து ஆடியது. அன்று சாயங்காலம் துரைசாணி சீமையிலிருந்து திரும்பி ஈப்போ ஸ்டேஷனில் இறங்குகிறாள். வேறு வழியில்லாமல் துரை ரப்பர் லாரியில் போனார். துரைசாணி மூக்கைப் பொத்திக்கொண்டு அதே லாரியில் வந்தாள்.

திங்கட்கிழமை ஸ்டானிஸ்லாஸ் ஆபீசிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்தான்.

"வேலை போச்சு. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான் டயரைச் சரியாத்தான் அளந்தேன் ஹில்டா. முடிச்சு எப்படி மாறுச்சுன்னே தெரியல."

"டயரா?" என்றாள்.  "மாதாவே! அது டயருக்கா?"

முந்தானையைக்கூடச் சரிசெய்யாமல் ஆபீசுக்கு ஓடினாள். அவன் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தான். துரை நாற்காலியில் இருந்தார். துரை பேச்சைத் தமிழிலும் தமிழைத் துரை பேச்சிலும் மாற்றிச் சொல்ல எல்ஸியின் அண்ணன் கஸ்பார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"முடிச்சை நான்தான்யா மாத்தினேன். எவளோ ஒருத்தி இடுப்புன்னு நெனச்சு, என் இடுப்புக்கு மாத்திட்டேன். அவரு மேல தப்பில்ல. எங்களை வெளிய அனுப்பிடாதீங்க."

"எவ இடுப்பு?" என்றார் கஸ்பார்.

ஹில்டா தரையைப் பார்த்தாள். அந்தப் பெயரை அந்த இடத்தில் சொன்னால் வேலை போவதோடு நிற்காது. "எவளோ ஒருத்திங்கய்யா" என்று மட்டும் முணுமுணுத்தாள். கஸ்பார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். துரை சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. வேலை தப்பியது.

திரும்பி வரும்போது ஸ்டானிஸ்லாஸ் கேட்டான், "யாருன்னுதான் நெனச்ச?"

"எல்ஸிதான். இந்தத் தோட்டத்துல இருபத்தாறு இஞ்சு இடுப்பு வேற எவளுக்கு இருக்கு?"

"அந்தப் புள்ளையா! அதை நான் நிமிந்துகூடப் பாத்ததில்லலா."

அது உண்மை என்று அவளுக்கும் தெரியும். பெண்களைப் பார்க்கத் தெரிந்த ஆளாக இருந்தால் இந்நேரம் அவள் புதுச் சேலையாவது அவன் கண்ணில் பட்டிருக்கும். மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கு அவனுக்குப் பிடித்த கருவாட்டை வறுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார்கள். ஆண்கள் பக்கம் அவன், பெண்கள் பக்கம் அவள். பூசை தொடங்கிய பிறகு எல்ஸி வெள்ளைக் கவுனில் நடுவழியாக முன் பெஞ்சுக்கு நடந்து போனாள். குனிந்து செபம் சொல்லிக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாஸ் தலையை நிமிர்த்தினான். அவள் போய் உட்காரும் வரைக்கும் நிமிர்ந்தேதான் இருந்தான். அவன் கண் எந்த இடத்தில் நின்றது என்று ஹில்டாவுக்கு அங்குலம் பிசகாமல் தெரிந்தது. அங்கே பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே.