பேருந்து வரிசையில் கடைசி ஆள்

காலையிலிருந்து ரப்பர் தலைக்குள் என் மூச்சையே நான் குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே இங்கிலாந்தின் ஸ்கெக்னஸ் கடற்கரையில் மழை. சனியன் பிடித்த மழை, நின்றால்தானே! பூமியைப் பிடிக்க வந்த வேற்றுக்கிரகவாசி நான். எனக்கு ஆறு கை. அதில் நாலு ஈரத்தில் ஊறித் தொங்கின. வலது முட்டி வேறு விண்விண்ணென்று வலித்தது.

குரங்காக, பிணமாக, சேற்று அரக்கனாக எத்தனையோ படம் நடித்தாயிற்று. ஒன்றிலும் என் முகத்தை ஒரு ஈ காக்கா பார்த்ததில்லை. இதில்தான் அந்த யோகம். ஊர்ச் சனம் அலறிக்கொண்டு பேருந்தில் ஏறும், நானும் துரத்திக்கொண்டு ஏறி, தலையைக் கழற்றி, "ஒரு கப் டீ கிடைக்குமா?" என்று கேட்க வேண்டும்.

காலையில் சாண்ட்விச் கட்டும்போதே என் மனைவி கிளெனிஸ் கேட்டுவிட்டாள். "இந்தத் தடவையாச்சும் மூஞ்சி தெரியுமா நெவில்? எங்க அக்காகிட்ட பீத்திட்டு வந்திருக்கேன். மானத்த வாங்கிடாத."

"தெரியும் தாயே, தெரியும்."

கூட்டத்துக்கு உள்ளூர்க்காரர்களையே பிடித்துப் போட்டிருந்தார்கள். நன்றாகத்தான் அலறினார்கள், நன்றாகத்தான் ஓடினார்கள். பேருந்துக் கதவு வந்ததும் தானாக ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள்.

"நீங்க ஏறுங்க."

"ஐயோ, நீங்கதானே முன்னாடி வந்தீங்க!"

இயக்குநர் டோபி தலையில் அடித்துக்கொண்டான். "வரிசை வேணாம்! உலகம் அழியுது! முட்டி மோதி ஏறுங்க!"

"அழியட்டும் தம்பி," என்றாள் பச்சைத் தொப்பி போட்ட மிஸஸ் ராக். "அதுக்காக முன்னாடி வந்தவர இடிச்சுட்டா போறது?"

மறுபடி எடுத்தார்கள். மறுபடி வரிசை. மதியம் போய் வெளிச்சமும் மங்கியது. டோபி என்னிடம் வந்தான்.

"இதுதான் கடைசி நெவில். அவங்க என்ன கூத்தடிச்சாலும் நீங்க தள்ளிட்டு ஏறிடுங்க. இல்லாட்டி உங்க வசனம் போச்சு."

ஓடினேன். தள்ளிக்கொண்டு ஏற வேண்டும் என்று நன்றாக நினைவிருந்தது. ஆனால் அவ்வளவு அலுப்பு. கண்ணெதிரே வரிசை. கால் என் பேச்சைக் கேட்கவில்லை. மிஸஸ் ராக்குக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. வலி தாங்காமல் இடது காலில் பாரத்தைப் போட்டு, பொறுமையாக நின்றேன்.

அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நேரமாகும் போலிருக்கே. கால் வலிச்சா என் தோளப் பிடிச்சுக்கோங்க."

"பரவாயில்லைங்க," என்றேன் தலைக்குள்ளிருந்து.

"கட்!" டோபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடேயப்பா! இதுதான்யா காட்சி! இதோட முடிச்சுக்கலாம்!"

"என் வசனம்?"

"வசனம் எதுக்கு? தலையக் கழட்டினா எல்லாம் கெட்டுடும்."

எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் வாய் வரவில்லை.

படம் வந்தது. அந்த இடத்தில் அரங்கே உருண்டு புரண்டு சிரித்தது. கிளெனிஸின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஆமா, உன் புருஷன் எங்கடி?"

நான் இருக்கையில் சுருண்டேன்.

"அதோ, வரிசையில கடைசியா," என்றாள் கிளெனிஸ்.

"மூஞ்சியே தெரியலையே! எப்படிச் சொல்ற?"

"முட்டி வலிச்சா அவர் அப்படித்தான் நிப்பாரு. எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு என் முட்டியில் கை வைத்தாள். நல்லவேளை, அரங்கில் இருட்டு. என் முகம் யாருக்கும் தெரியவில்லை.