தூரம்: 3

பேராசிரியர் ஜெயப்பிரகாஷின் அறைக் கதவில் 'டாக்டர்' என்று பித்தளைப் பலகை தொங்கியது. பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் நடத்துபவருக்கு அது அவசியம்தான். பலகை இல்லாவிட்டால் அவரைப் பார்த்து யாருக்கும் அந்தச் சந்தேகம் வர வாய்ப்பில்லை.

கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுக்கும் அங்கே குடியிருக்கும் கிருமிகளுக்கும் என்ன உறவு என்பது அவருடைய ஆய்வு. கிருமியால் புற்றா, புற்றால் கிருமியா என்று உலகத்தில் இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஜெயப்பிரகாஷுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் சொல்லவிருந்தார்.

அவர் நிரப்பிய படிவங்களைக் கணினியில் ஏற்றுவது மாணவி வேணியின் தலையெழுத்து. 'ஆரோக்கியமான பெண்கள்' பட்டியலில் நாற்பதாவது ஆள், கல்லூரியைப் பெருக்கும் உண்ணாமலை. வயது ஐம்பத்தெட்டு. ஊர் சிறுவாச்சூர். தூரம்: 3.

வேணிக்கு இடித்தது. சிறுவாச்சூரிலிருந்து மூன்றே கிலோமீட்டரில் எந்த பஸ்ஸும் வந்து சேர்ந்ததில்லை.

"அக்கா, தூரம் மூணுன்னா சொன்னீங்க?"

உண்ணாமலை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "குனிஞ்ச தல நிமிராம 'வூட்டுக்குத் தூரமா'ன்னாரு. ஆமாங்க, நின்னு ஆறு வருசமாச்சு, இப்ப மூணு மாசமா திரும்பப் படுதுன்னேன். டாக்டருகிட்ட என்ன வெக்கம்? எழுதிக்கிட்டாரே!"

எழுதிக்கொண்டார்தான். நின்றுபோன உதிரப்போக்கு திரும்புவதே பெரும்பாலும் அந்தப் புற்றின் முதல் அறிகுறி என்று தன் பன்னிரண்டாவது சிலைடில் சிவப்பில் போட்டிருப்பவர், அதைக் கிலோமீட்டரில் எழுதிக்கொண்டார்.

வேணி ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடி முன் டை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கிலோமீட்டர எட்டுன்னு திருத்திடும்மா."

"சார், அவங்களுக்கு ரத்தம் போவுது சார்!"

"அவங்கள எடுத்தா முப்பத்தொம்பதாயிடும். நாப்பதுன்னு அச்சடிச்சாச்சு. தயிர் சாப்பிடச் சொல்லு, நல்ல கிருமி சேரும். கருத்தரங்கு முடியட்டும், பாக்கலாம்."

இவரைவிடக் கிருமிக்கு அக்கறை அதிகம் என்று வேணிக்குப் பட்டது. நாற்பதாவது வரியை அழித்தாள். வெள்ளிக்கிழமை அவர் மேடையேறிய நேரத்தில், உண்ணாமலையோடு அரியலூர் பஸ்ஸில் இருந்தாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரி என்றால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம்.

அரியலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுதான், ஆனால் கருப்பையைத் தாண்டவில்லை. "நல்லவேள, இப்பவே வந்தீங்க," என்றார் டாக்டரம்மா. கருப்பையை எடுத்தார்கள். உண்ணாமலை வீடு திரும்பினாள்.

செய்தி கேட்டு ஜெயப்பிரகாஷ் சிறுவாச்சூருக்கே காரில் வந்துவிட்டார். கையில் புதுப் படிவம். 'நோயாளிகள்' பட்டியலில் ஆள் பற்றவில்லையாம். வாசலில் ஒரு ஷூவைக் கழற்றினார்.

கட்டிலில் படுத்திருந்த உண்ணாமலை, பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த வேணியைப் பார்த்தாள்.

"நான் தூரமா இருக்கேன், உள்ள வரக்கூடாதுன்னு சொல்லு பாப்பா."

வேணி சொன்னாள்.

"அடடா, சரி சரி," என்று கழற்றிய ஷூவை அவசரமாக மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார் டாக்டர்.