இறால் ஓடிய வாரம்

சகுந்தலா கொண்டுவந்த சாம்பார் சோற்றுத் தூக்கை ஆதியம்மாள் வாசற்படியிலேயே மறித்து, மூடியைக்கூடத் திறக்காமல் அவள் கையில் திருப்பித் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்ல இன்னா எழவா வுழுந்துடுச்சி? அடுப்பு எரியுது பாரு. எடுத்துனு போயி உன் புள்ளைங்களுக்குப் போடு."

பக்கத்து வீட்டுச் சகுந்தலா நல்ல மனசோடுதான் வந்தாள். இழவு வீட்டில் உலை வைக்கக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொடுக்க வேண்டும் என்பது அந்தக் குப்பத்து வழக்கம். இது இழவு வீடுதானா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. உள்ளே நின்ற மருமகள் பரிமளாவைச் சகுந்தலா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூக்கோடு போனாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது வெறும் தண்ணீர். ஊர் பார்க்கட்டும் என்று அத்தை ஆதியம்மாள் காலையிலிருந்து அதைத்தான் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

எழில், ஆதியம்மாளுக்கும் இருசப்பனுக்கும் ஒரே பிள்ளை. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தும் அவனுக்கு மீன்பிடி ஒட்டவில்லை. கோவளம் கரையில் நாவலூர்க் கம்பெனிப் பையன்களுக்கு அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு திரிந்தவனுக்கு, பரிமளாவைக் கட்டிய கையோடு வெளிநாட்டுத் தீவு ஒன்றில் ரிசார்ட் வேலை கிடைத்தது. பெரிய விமானத்தில் அந்த நாட்டுக்குப் போய், அங்கிருந்து குட்டி விமானம் ஒன்றில் தீவுக்குப் போக வேண்டும். "கேளம்பாக்கத்து ஷேர் ஆட்டோதான் பரி அது, குந்தின எடத்துலர்ந்தே டிரைவர் முதுகத் தட்டலாம்" என்று சொல்லிச் சிரிப்பான். லீவு முடிந்து திரும்பிப் போனபோது அந்தக் குட்டி விமானம் இறங்கப் போகிற நேரத்தில், தீவின் கரை தெரிகிற தூரத்தில், கடலில் விழுந்துவிட்டது. சிலருடைய உடல் கிடைத்தது. எழிலைக் காணவில்லை என்றார்கள்.

கரை தெரிகிற தூரம் என்ற ஒரு பேச்சுதான் குப்பத்தைக் கெடுத்தது. அங்கே இருந்தவர்களில் விமானம் ஏறியவர் ஒருவரும் இல்லை; ஆனால் கடலைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விழுந்தது கடலில். ஆகவே விமானம் என்பது ஒரு படகு, அது கவிழ்ந்துவிட்டது, எழில் நீந்தி எங்கேயோ கரையேறியிருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லி, பெட்டிக்கடைக்குப் பேச்சு வந்து சேர்ந்தபோது அவன் கரையேறியதை நேரில் பார்த்தவர்கள் மாதிரியே பேசினார்கள்.

குப்பத்து ஆள் ஒருவன் கடலில் தவறினால், அவன் நடந்து வருகிறவரை, அல்லது அவனைப் புதைக்கிறவரை, எந்தப் படகும் வலையோடு இறங்காது. வழக்கமாக ஒன்றிரண்டு நாளில் ஏதாவது ஒன்று தெரிந்துவிடும். இந்தத் தடவை தெரியவில்லை. பஞ்சாயத்துக் கூட்டி யாரும் உத்தரவு போடவும் இல்லை. முதல் நாள் யாரும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அதற்குப் பிறகு முதலில் இறங்குகிற பாவி யார் என்று ஆகிவிட்டது.

அதுவும் மழை விட்டு இறால் ஓடுகிற நேரம். வருஷத்தில் இந்தச் சில வாரங்களை நம்பித்தான் பள்ளிக்கூட ஃபீஸ், எஞ்சின் ரிப்பேர், கல்யாணம் எல்லாம். பக்கத்துக் குப்பங்களின் படகுகள் கண்ணெதிரே போய் வந்தன. இந்தக் கரையில் ஆம்பிளைகள் கிழியாத வலையைப் பிரித்துத் தைத்தார்கள். சீட்டாடினார்கள், ஆட்டத்தில் சண்டை போட்டார்கள். இறால் வாங்குகிற வியாபாரியின் வண்டி தினமும் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

தண்ணிக் குழாய்க்குப் போனால் பேச்சு நின்றுவிடும். குடத்தை முன்னால் நகர்த்தி இடம் விடுவார்கள். ஒருவரும் எதையும் கேட்கமாட்டார்கள். வாயைத் திறந்து கேட்டுத் தொலைத்தால்தான் என்ன என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரியாது. ஊர்த்தலைவர் மோகன்கூட ஒரு சாயங்காலம் வந்தான். எழிலோடு ஒன்றாகப் படித்தவன். நாற்காலியில் உட்கார்ந்து, ஃபேன் ஏன் சத்தம் போடுகிறது என்று விசாரித்தான், ரேஷனில் சர்க்கரை போட்டார்களா என்று கேட்டான், டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனான். படகை இறக்கலாமா என்று கேட்கத்தான் வந்தான், கேட்காமலே போகிறான் என்பது பரிமளாவுக்கு நன்றாகத் தெரிந்தது.

அத்தை மட்டும் தெம்பாக இருந்தாள். விடிந்ததும் கரைக்குப் போய்ப் படகுகளை ஒரு நோட்டம் விட்டு வருவாள். "எல்லாம் நிக்கிது" என்பாள், ஏதோ பிள்ளையே பேசியனுப்பியதுபோல. படகுகள் நிற்கிறவரை அவன் கதை முடியவில்லை. மாமா இருசப்பன் சுவரில் சாய்ந்து பீடியைப் பற்றவைத்து, இழுக்காமலே அணையவிடுவார்.

பரிமளாவும் அந்தப் படகுகளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அவை இறங்குகிற நாளில் பொம்பளைகள் கூடி அவள் வளையலைத் தொடுவார்கள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் படகுகள் அப்படியே நிற்கட்டும், இறால் போனால் போகட்டும், ஊரே பட்டினி கிடக்கட்டும் என்றுகூடத் தோன்றியது. தோன்றிய மறுநிமிஷம் சகுந்தலா வீட்டில் பிள்ளைகள் வெறும் ரேஷன் சோற்றுக்கு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

சகுந்தலா தூக்கோடு திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மார்கரெட். எழிலுக்கு வேலை வாங்கிக்கொடுத்த நாவலூர் ஏஜென்ட் ஆபீசில் இருப்பவள். விபத்து நடந்ததிலிருந்து தினமும் கூப்பிட்டு, தேடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். பரிமளா போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால், சவுக்கு மரங்களுக்குப் போனாள்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?" என்று மார்கரெட் கேட்ட மாதிரியிலேயே பரிமளாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

விமானத்தின் முன்பாதி கிடைத்துவிட்டதாம். தீவுக்குப் பக்கத்திலேயே கடல் திடீரென்று அதலபாதாளமாக இறங்குகிற இடம் ஒன்று இருக்கிறதாம், அதற்குள் கிடக்கிறதாம். கயிற்றில் கேமரா கட்டி இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். ரிசார்ட் பனியனில் எழிலின் பெயர் படிக்கிற மாதிரி தெரிகிறதாம். அந்த ஆழத்திலிருந்து எடுக்கிற வசதி அவர்களிடம் இல்லை. நாளைக்கு அந்த இடத்தில் மாலை போட்டுவிட்டுக் கப்பல் திரும்பிவிடும். சர்டிபிகேட் எல்லாம் ஆபீசே வாங்கித்தரும். இவ்வளவையும் மார்கரெட் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

பரிமளா ஒன்றுதான் கேட்டாள். "அவரு வெளிய வரதுக்கு எதுனா பண்ணியிருக்காரா?"

"இல்லம்மா. சீட்ல பெல்ட் போட்டபடியே இருக்கார். கழட்டவே இல்ல. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொல்றார்."

போனை வைத்த பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வாரமாக ஊரே சேர்ந்து அவனை நீந்த விட்டிருந்தது. ராத்திரி கண்ணை மூடினால் அவளும் கூடவே கையை வீசிக்கொண்டிருந்தாள். அத்தனை நேரமும் அவன் ஒரு நாற்காலியில் கட்டுண்டு கிடந்திருக்கிறான். அந்த பெல்ட்டைச் செய்தவனை, அதைப் போடு என்று சொன்னவளை, போட்டுக்கொண்ட இவனை, எல்லாரையும் திட்டினாள். சத்தம் வராமல், வாய்க்குள்ளேயே. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இன்னா சொல்றா அவ?" என்றாள் அத்தை.

"தேடிக்கினு கீறாங்களாம்."

எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று பரிமளாவுக்கே புரியவில்லை. இன்னும் ஒரு நாள், ரெண்டு நாள். யார் கேட்கப் போகிறார்கள்.

"தேடட்டும்" என்றாள் அத்தை. முகம் தெளிந்துவிட்டது. கொதிக்கும் தண்ணீரில் இன்னும் ஒரு சொம்பு ஊற்றினாள். "எங்கனா ஒரு பாறையில ஏறிக் குந்திகினு, கப்பல் வருதா, போட் வருதான்னு பாத்துகினு இருப்பான். பசி தாங்கமாட்டானே."

அதற்குமேல் பரிமளாவால் முடியவில்லை.

"இல்ல அத்த. அவரு நீந்தவே இல்ல." சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பிளேன்ல பெல்ட்டு போட்டு வுடுவாங்க. அதைப் போட்டுகினு, சீட்டுல குந்தினவாக்குலயே அடியில கீறாரு. கேமரா வுட்டுப் பாத்துட்டாங்க. பேரு தெரியுதாம். மேல எடுக்க முடியாதாம்."

மாமா சுவரிலிருந்து முதுகை எடுத்தார். தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அத்தை அழுது புரளுவாள், தன்னை அடிப்பாள், சண்டாளி என்பாள் என்று பரிமளா காத்திருந்தாள். அடித்தாலும் தேவலை என்றிருந்தது.

"அவுக்கத் தெரியாதா அவனுக்கு?" என்று கேட்டாள் ஆதியம்மாள்.

"தெரியும் அத்த. நேரம் இருந்திருக்காது."

ஆதியம்மாள் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எட்டிக் கேஸை அணைத்தாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, செருப்புகூடப் போடாமல் கரைப்பக்கம் நடந்தாள். பரிமளா பின்னாலேயே ஓடினாள். மாமாவும் எழுந்து வந்தார்.

மத்தியான வெயில். படகுகளின் நிழலில் ஆம்பிளைகள் படுத்துக் கிடந்தார்கள். ஆதியம்மாள் வருகிற வேகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். மோகன் லுங்கியை இறக்கிவிட்டு முன்னால் வந்தான்.

"போங்கடா" என்றாள் அவள். "எம்புள்ள வரமாட்டான்."

மோகனுக்கு வாய் குழறியது. "பெரிம்மா, இன்னா ஏதுன்னு... காரியம்னு ஒண்ணு முடியட்டும், அப்பறமா."

"இன்னாத்த வெச்சி முடிக்கிறது? ஒடம்பா வரப்போவுது? இறால் போய்க்கினு கீது. போங்க."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை, திரும்பிக்கொண்டாள். மோகன் பரிமளாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே மணலில் குந்திவிட்டான்.

ஆனால் அவன் ஒருவன்தான் குந்தினான். பரிமளா இருபதடி நடந்திருக்கமாட்டாள், பின்னால் முதல் எஞ்சின் உறுமியது. திரும்பிப் பார்த்தாள். அத்தனை படகுகளிலும் வலை மடித்து ஏற்றித் தயாராக இருந்தது. பெட்ரோல் ரொப்பியிருந்தது. ஐஸ் பெட்டிகள் இருந்தன. யாரும் வீட்டுக்கு ஓடி எதையும் எடுத்துவரவில்லை, தள்ளிக்கொண்டு இறங்கவேண்டியதுதான் பாக்கி. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எப்போதடா சொல்வாள் என்றுதானே இத்தனை நாளும் படுத்துக் கிடந்திருக்கிறார்கள்.

"பாத்தியா அத்த, எல்லாம் ரெடியா வெச்சிகினு இருந்திருக்காங்க."

"தெரியும்" என்றாள் ஆதியம்மாள். "தெனம் காலீல ஐஸு வாங்கிக் கொட்டுவானுங்க. சாய்ந்திரம் கரைஞ்சி மணல்ல ஓடும். மறுபடி வாங்குவானுங்க. நான்தான் தெனம் பாக்குறனே." அதில் கோபம் இல்லை. பரிமளாவுக்குக் கோபம் போகவில்லை. அவர்கள் ஒரு நாளும் இறங்கவில்லை என்பது புத்திக்குப் புரிந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் கரையில் ஒரே ஒரு படகு மிச்சம் நின்றது. இருசப்பனுடையது. பிள்ளையைப் பறிகொடுத்தவனை யாரும் கடலுக்குக் கூப்பிடமாட்டார்கள். ஆனால் அவர் அதன் பக்கத்தில் போய் நின்று, எஞ்சினைத் துடைத்தார், வலையை ஏற்றினார். மோகன் எழுந்து ஓடிவந்து வேண்டாம் என்று அவர் தோளைப் பிடித்தான்.

"வுட்டுடு மோகனு" என்றாள் ஆதியம்மாள். "வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போறாரு."

மோகன் பிடியை விட்டான். பிறகு அவனே படகைத் தள்ளி, தானும் ஏறிக்கொண்டான். முதல் அலை படகின் மூக்கைத் தூக்கி இறக்கியது. எஞ்சின் பக்கத்தில் குறுக்குப் பலகை ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் அதில்தான் உட்காருவார். இருசப்பன் உட்காரவில்லை. எஞ்சின் தண்டைக் குனிந்து பிடித்தபடி நின்றார்.

இரண்டாவது அலை பெரிசு. படகு ஆடிய ஆட்டத்தில் மோகன் பலகையைக் காட்டி ஏதோ கத்துவது கரையிலிருந்து தெரிந்தது. காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார், காலை இன்னும் அகட்டி வைத்துக்கொண்டார். சகுந்தலாவும் மற்ற பொம்பளைகளும் வந்து பரிமளாவைச் சூழ்ந்தார்கள். யாரோ ஒருத்தி ஒப்பாரியைத் தொடங்கினாள். ஆதியம்மாள் அவளைக் கையமர்த்திவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிமளாவும் பார்த்தாள். படகு சின்னதாகிக் கண்ணுக்கு மறைகிறவரை மாமா நின்றுகொண்டேதான் போனார்.